வாடிய கொடியின் கீழே: வன்னியில் கிழங்கு தேடி

செவ்வாய், கிளிநொச்சி

சோளகக் காற்று புழுதியை வாரி இறைக்கும் ஆடி மாதத்தில் வன்னிக்குப் போகச் சொல்லி யாரும் யாருக்கும் ஆலோசனை கூறுவதில்லை. நான் இந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் கிழங்கு. அமெரிக்காவின் ஐடாஹோ மாநிலத்தில், காட்டுத் தாவரங்களை விதையிலிருந்து பெருக்கும் நாற்றுமேடை ஒன்றில் வேலை செய்கிறேன். அங்கே என் பொறுப்பில் வளர்வது யாம்பா என்னும் பூண்டு. கரட் குடும்பத்தைச் சேர்ந்த அது, மலைப் புல்வெளிகளில் தானாக முளைத்துப் பல ஆண்டுகள் வாழ்வது. மண்ணுக்குள் விரல் பருமனில் ஒன்றிரண்டு கிழங்குகளை வைப்பது. பனி உருகும்போது புல்லோடு புல்லாக மெல்லிய இலை விட்டு, கோடையில் வெள்ளைப் பூக்குடைகளை விரித்து, விதை முற்றியதும் மேற்பகுதி முழுவதும் வாடி, இருந்த இடமே தெரியாமல் மறைந்துவிடும். ஷோஷோனி, யூட், நெஸ் பேர்ஸ் முதலிய பழங்குடி மக்கள் அதைக் கோலால் கிளறி எடுத்துப் பச்சையாகவும், அவித்தும், உலர்த்தி மாவாக்கியும் உண்டு வந்திருக்கிறார்கள்.

ஆண்டில் சில மாதங்கள் மட்டும் தலைகாட்டி, மீதி மாதங்களைக் கிழங்காகவே கழிக்கும் செடிகள் நான் பிறந்த மண்ணிலும் உண்டு. ஐப்பசியில் தொடங்கும் மாரி மழை தை மாதத்தோடு ஓய்ந்துவிட, அதன்பின் வன்னிக் காடு நீண்ட வறட்சிக்குள் போகிறது. மேலே ஒன்றும் இல்லாத நிலத்தில், கீழே இருப்பது இன்னதென்று அறிந்தவர்கள் அதை எப்படி அறிகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

கிளிநொச்சிச் சந்தையில் சற்று நேரம் நின்றேன். நுவரெலியாவிலிருந்து மூட்டையில் வந்திறங்கிய கரட் ஒரு பக்கம் குவிந்திருக்க, மறுபக்கத்துச் சரக்குக் கடையில் அதே குடும்பத்தின் உறவினர்கள் அனைவரும் வரிசையாக இருந்தனர்: மல்லி, சின்னச்சீரகம், பெருஞ்சீரகம், ஓமம், சதகுப்பை. 3,000-க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட இந்தக் குடும்பத்தின் பெரும்பகுதி குளிர்ச்சியும் மிதவெப்பமும் உள்ள நாடுகளுக்கு உரியது; வெப்ப நாட்டுத் தாழ்நிலமான வன்னிக்கு அது பெரும்பாலும் விதையாக, பொட்டலத்தில்தான் வந்து சேர்கிறது. வேராக வந்து சேர்வது ஒன்று உண்டு. கடைக்காரர் கண்ணாடிப் போத்தலில் பூட்டி வைத்திருக்கும் பெருங்காயம், ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் காட்டில் வளரும் ஒரு பூண்டின் வேரிலிருந்து வடியும் பால். பூப்பதற்கு முன் வேரின் தலைப்பகுதியை வெட்டி, ஊறி உலரும் பிசினைச் சுரண்டி எடுக்கிறார்கள். இந்தியா முழுவதும் சமையலறைகளில் அது மணந்தாலும், அந்நாட்டு மண்ணில் அதைப் பயிராக்கும் முயற்சி 2020 ஒக்டோபரில்தான், இமாசலப் பிரதேசத்தின் லாகுல் பள்ளத்தாக்கில் முதல் கன்றுகளை நட்டுத் தொடங்கியது. ஒரு வேருக்காகக் காட்டை நம்பியிருக்கும் வழக்கம் நம்முடைய ரசத்துக்குள்ளேயே இருக்கிறது.

புதன், முத்தையன்கட்டு

முறிகண்டிப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி, எல்லோரையும் போலக் கச்சானும் வாங்கிக்கொண்டு, மாங்குளத்தில் முல்லைத்தீவு வீதிக்குத் திரும்பினோம். ஒட்டுசுட்டானைத் தாண்டி முத்தையன்கட்டுக் குளத்தை அடைந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. குளம் வெகுவாக இறங்கி, அலைகரை எங்கும் வெடித்த சேறாகக் கிடந்தாலும், துருசிலிருந்து செல்லும் வாய்க்காலின் ஓரம் மட்டும் பச்சையாக இருந்தது. அந்தப் பச்சையின் பாதி வல்லாரை.

வன்னியில் தானாக வளரும் கரட் குடும்பத்துப் பூண்டைக் காட்டச் சொன்னால் நான் முதலில் காட்டுவது வல்லாரையைத்தான். சம்பலுக்கு ஆயும்போது அதன் பூவை யாரும் பார்ப்பதில்லை, ஏனென்றால் அது இலைக்குக் கீழே, மண்ணோடு ஒட்டி ஒளிந்திருக்கும். குந்தியிருந்து இலைகளை விலக்கினேன். அரை விரல் நீளம்கூட இல்லாத ஒரு காம்பின் நுனியில், மங்கிய செந்நிறத்தில், கடுகளவுப் பூக்கள் இரண்டு மூன்று ஒன்றாக இருந்தன. எல்லாக் காம்புகளும் ஒரே புள்ளியிலிருந்து புறப்படும் அந்த அமைப்புத்தான் குடும்ப அடையாளம். யாம்பாவில் அது உள்ளங்கை அளவு விரிந்து, குடைக்குள் குடையாக நிற்கிறது. இங்கே ஒரே அடுக்கில் சுருங்கிக் கிடக்கிறது. காயும் அப்படியே: இரண்டு பாதிகள் ஒட்டிப் பிறந்து, முற்றியதும் பிரிந்து விழும். மல்லியைக் கல்லில் உடைக்கும்போது அது சரிபாதியாகப் பிளப்பதும் இதனால்தான்.

ஆனால் வல்லாரை கிழங்கு வைப்பதில்லை. ஓடும் தண்டின் ஒவ்வொரு கணுவிலும் வேர் விட்டு, ஈரம் போகும் திசையில் தானும் போகிறது. வறட்சிக்கு அதனிடம் இருக்கும் மறுமொழி நகர்வது. யாம்பாவின் மறுமொழி புதைவது. வற்றாத வாய்க்கால் கிடைத்தவனுக்குக் களஞ்சியம் தேவையில்லை. பக்கத்தில் வல்லாரை பிடுங்கிக்கொண்டிருந்த அக்கா ஒருவர், நுனியைக் கிள்ளாமல் நடுத்துண்டுகளை மட்டும் எடுத்தார். கேட்டதற்கு, "நுனி ஓடவேணுமெல்லோ" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கட்டைக் கட்டினார்.

வெள்ளி, நெடுங்கேணி

நேற்று முழுவதும் சின்னம்மா வீட்டில் கழிந்தது, எழுத ஒன்றுமில்லை. இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது.

பக்கத்து வளவு ஐயா எழுபதைக் கடந்தவர். அவருடைய காணியின் பின்பகுதி, பாலையும் வீரையும் நிற்கும் பற்றைக்காடாகவே விடப்பட்டிருக்கிறது. அதற்கு அப்பால் வன இலாகாவின் எல்லைக்கல். அந்தக் கல்லைத் தாண்டித் தோண்டுவது சட்டப்படி குற்றம் என்பதால், நாங்கள் தேடியதெல்லாம் கல்லுக்கு இந்தப் பக்கத்தில்தான். அலவாங்கு ஒன்றும், தேங்காய்ச் சிரட்டை ஒன்றும், கடகமும் அவரிடம் இருந்தன. சின்னம்மாவின் பேரனும் கூட வந்தான்.

காட்டு வள்ளியின் கொடி பங்குனியோடு காய்ந்துவிடும். ஆடியில் அது உதிர்ந்து, காற்றில் பறந்து, சருகோடு சருகாகிவிடுகிறது. ஐயா நிலத்தைப் பார்க்கவில்லை. இளமரங்களின் தண்டுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தார். பென்சில் பருமனான ஒரு விண்ணாங்கு மரத்தில், இடுப்பு உயரத்துக்கு மேலே, காய்ந்த கொடியின் ஒரு முழத் துண்டு இன்னும் சுற்றியிருந்தது. அதை விரலால் தொட்டு, எந்தப் பக்கமாகச் சுற்றியிருக்கிறது என்று பேரனைப் பார்க்கச் சொன்னார். வள்ளி இனங்களில் சில வலமாகச் சுற்றும், சில இடமாகச் சுற்றும். ஓர் இனம் என்றால் என்றைக்கும் ஒரே பக்கம்தான். இலை இல்லை, பூ இல்லை, காய் இல்லை. ஆயினும் அந்தச் சுற்று மரத்தின் மேல் எழுத்தாக நின்றது.

இதைவிட முக்கியமான வேறொரு பயனும் அந்தச் சுற்றுக்கு உண்டு. இதே பற்றைக்குள், இதே மழையில் முளைத்து, இதே காலத்தில் காய்ந்து, கிழங்கு வைப்பது கார்த்திகைப்பூக் கொடி. தீநாக்குப் போன்ற அந்தப் பூவை அறியாத தமிழர் இல்லை. அதன் கிழங்கைக் கண்டால் அடையாளம் காணக்கூடியவர்கள் குறைவு. அதில் இருக்கும் கொல்சிசின் உயிரணுக்கள் பிளவுபட்டுப் பெருகுவதைத் தடுக்கும் நஞ்சு, அவித்தாலும் போகாது. உண்ட சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கி, பிறகு உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றாகத் தளரும். வள்ளிக்கிழங்கென்று நினைத்து அதை உண்டு இறந்தவர்கள் இலங்கையில் இருக்கிறார்கள். ஆனால் கார்த்திகைக் கொடி மரத்தைச் சுற்றுவதில்லை. இலையின் நுனி சுருண்டு பற்றிப்பிடிக்க, தண்டு அதைத் துணையாகக் கொண்டு மேலேறும். ஐயா அதை ஒரு வரியில் சொன்னார்: "சுத்திப் போனால் வள்ளி, பிடிச்சுப் போனால் கார்த்திகை. ஆனால் அதை மட்டும் நம்பித் தின்னக் கூடாது, பிள்ளை."

ஏன் கூடாது என்பதையும் அவரே காட்டினார். வேலியோரத்தில், தனக்குத் தெரிந்த இடத்தில் ஒரு கார்த்திகைக் கிழங்கைக் கிளறி எடுத்தார். வழுவழுப்பான மண்ணிறத் தோல். கிட்டத்தட்ட ஒரே அளவான இரண்டு கைகள், ஒரு முனையில் சேர்ந்து கோணலாக விரிந்திருந்தன. கை நுனியில் வெளிர்நிறமாக அடுத்த மாரிக்கான முளை. இரண்டு கைகளும் சேர்ந்தே இருந்தால் யாரும் ஏமாறமாட்டார்கள். அவர் அதை முழங்காலில் வைத்து உடைத்து ஒரு கையை மட்டும் நீட்டியபோது, எனக்கே அது சின்ன வள்ளித் துண்டாகத்தான் தெரிந்தது. மண்ணுக்குள் அலவாங்கு பட்டு உடைந்து வருவதும் இப்படித்தான். பிறகு கிழங்கைப் பேரன் தொடுவதற்கு முன் குழிக்குள் போட்டு மூடிவிட்டு, வாளித் தண்ணீரில் கையைக் கழுவினார்.

கரட் குடும்பத்துக்குள்ளும் இந்த ஆபத்து அப்படியே இருக்கிறது. சொல்லப்போனால், அங்கே அது உடன்பிறப்புகளுக்குள் இருக்கிறது. யாம்பா வளரும் ஈரப் புல்வெளியின் ஓரத்திலேயே, நீரோடைக் கரைகளில், சிக்குட்டா என்னும் நச்சுப்பூண்டு வளர்கிறது. அதே வெள்ளைப் பூக்குடை, அதே குடும்பம். அதன் வேர்த்தண்டை நெடுக்காகப் பிளந்தால் உள்ளே அறை அறையாக இருக்கும், மஞ்சள் நிற எண்ணெய் கசியும்; அதிலுள்ள நஞ்சு வலிப்பை வரவழைத்துக் கொல்லும். வட அமெரிக்காவின் மிகக் கொடிய தாவரங்களுள் ஒன்றாக அதைச் சொல்வார்கள். சோக்கிரட்டீசுக்குக் கொடுக்கப்பட்ட நஞ்சும் இதே குடும்பத்து வேறொரு பூண்டுதான். கிழங்கு நன்றாக முற்றியிருப்பது இலை வாடிய பிறகு. இனம் பிரித்து அறியக்கூடியது இலையும் பூவும் இருக்கும்போது. இந்த இரண்டு காலங்களுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை இட்டு நிரப்புவது நினைவு ஒன்றுதான். ஐடாஹோவில் நாங்கள் பூக்கும் காலத்திலேயே செடியருகே கம்பி நட்டு, துணி கட்டிவிடுகிறோம். ஐயா மார்கழியில் பச்சைக் கொடியைக் கண்டால் பக்கத்து மரத்தில் கத்தியால் ஒரு கீறல் போட்டு வைக்கிறார். விண்ணாங்கின் அடியிலும் அப்படி ஒரு கீறல் இருந்தது.

அதன்பின் தோண்டினார். அலவாங்கால் குத்தியது சுற்றுமண்ணை மட்டும்தான். கிழங்கு தென்பட்டதும் அலவாங்கை வைத்துவிட்டு, சிரட்டையால் மண்ணை வழித்து வழித்து வெளியே போட்டார். காட்டு வள்ளி நேராகக் கீழே போகிறது. முழங்கை மறையும் ஆழத்தில் தொடங்கி, தோள் வரை கையை விட்டும் அடி தட்டுப்படவில்லை. இறுகிய செம்மண்ணில் கல்லைக் கண்ட இடத்தில் கிழங்கு வளைந்து, தட்டையாகி, மீண்டும் கீழே இறங்கியிருந்தது. தோலெங்கும் மயிர் போன்ற வேர். நகத்தால் கீறினால் வெள்ளைச் சதையும், விரலில் ஒட்டும் வழுவழுப்பும். அது வெளியே வர முற்பகல் முழுவதும் பிடித்தது. இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு இத்தனை உழைப்பா என்று பேரன் கேட்டான். அந்தக் கேள்வி நியாயமானது. மரவள்ளி ஒரு இழுப்பில் வந்துவிடும். ஆனால் மரவள்ளிக்கு யாரோ தடி நட்டிருக்க வேண்டும். இதற்கு யாரும் எதுவும் செய்யவில்லை, ஒன்றைத் தவிர.

அந்த ஒன்றை அவர் கடைசியாகச் செய்தார். கிழங்கின் தலையை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி எடுத்து, அதே குழிக்குள், அதே நிமிர்வில் வைத்து, சருகும் இளகிய மண்ணும் கலந்து மூடினார். வரும் மாரியில் அந்தத் தலையிலிருந்து கொடி கிளம்பும். மண் இளகியிருப்பதால் அடுத்த கிழங்கு வளையாமல் இறங்கும் என்றும், இந்தக் குழியில் முன்பும் எடுத்திருப்பதாகவும் சொன்னார். யாம்பா தோண்டிய பெண்களும் பெரியதை எடுத்துச் சிறியதை மண்ணுக்கே விட்டார்கள். யாரும் வேலியடைத்துப் பயிரிடாத, ஆயினும் மனிதக் கை படாத காட்டுச்செடி என்றும் சொல்ல முடியாத ஒரு நிலை இது. நான் நாற்றுமேடையில் கற்றதிலும், புத்தகங்களில் படித்ததிலும் இதைவிட மதிக்கத்தக்க வேளாண்மையைக் கண்டதில்லை.

திரும்பும் வழியில் ஐயா வேறொன்றும் சொன்னார். மீள்குடியேறி வந்தபின், கண்ணிவெடி அகற்றுபவர்கள் இந்தப் பக்கத்தை முடித்துக் கொடுக்கும் வரை அவர் அலவாங்கைத் தொடவேயில்லை. மண்ணில் இரும்பைக் குத்துவது உயிரைப் பணயம் வைப்பதாக இருந்த நிலத்தில் கிழங்கை யார் தேடுவார்கள்? காணி திரும்பக் கிடைத்தபோது, அவரோடு காட்டுக்குப் போய்வந்த பலர் இருக்கவில்லை. பிள்ளைகள் முகாமிலும் நகரத்திலும் வளர்ந்து, கொடி பார்க்கும் வயதைத் தாண்டியிருந்தார்கள்.

சனி, நெடுங்கேணி

இரவு அவித்த வள்ளிக்கிழங்கை இன்று காலை கட்டைச்சம்பலோடு சாப்பிட்டோம். தோட்டத்து இராசவள்ளியின் இனிப்பு அதற்கு இல்லை. மாப்பிடிப்பும், சற்றே மண்வாசமும், மெல்ல மெல்லக் கூடும் ஒரு சுவையும் உண்டு. யாம்பாவை முதன்முதலில் கடித்தபோது கரட்டும் கொட்டைப்பருப்பும் சேர்ந்த சுவை வந்தது. இதற்கு அந்த வாசனை எண்ணெய் இல்லை. எனக்கு இரண்டும் பிடிக்கும், பசியில் கிடைத்தால் வள்ளியைத்தான் எடுப்பேன்.

பசி பற்றிய பேச்சைத் தொடங்கியவர் சின்னம்மா. தொண்ணூறுகளில், வன்னிக்குப் பொருளாதாரத் தடை இருந்த ஆண்டுகளில், கோதுமை மாவும் சீனியும் கிடைக்காதபோது, சிறு குளங்கள் வற்றியதும் பெண்கள் கூட்டமாகக் கொட்டிக்கிழங்கு எடுக்கப் போவார்களாம். இன்று பின்னேரம் அப்படி ஒரு குளத்துக்கு என்னை அழைத்துச் சென்றார். நடுவில் கலங்கல் தண்ணீர் சிறிது மிச்சம். சுற்றிலும் கால் புதையும் சேறு. கொட்டியின் மிதக்கும் இலைகள் காய்ந்து சேற்றோடு ஒட்டியிருந்தன. இலை ஒட்டியிருக்கும் இடத்தில் விரலை விட்டால், பாக்களவு கிழங்கு ஒன்று நாரோடு வரும். சின்னம்மா நான் ஒன்று எடுப்பதற்குள் நான்கு எடுத்தார். சின்னஞ்சிறிய கிழங்குகளை அவர் பெட்டிக்குள் போடாமல் சேற்றுக்கே எறிந்துவிட்டார். அது குறித்து அவர் ஒன்றும் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

1805 ஆகஸ்டில் மேற்கு அமெரிக்காவைக் கடந்துகொண்டிருந்த ஆய்வுப் பயணக் குழுவின் தலைவர்களுள் ஒருவரான மெரிவெதர் லூயிஸ், ஷோஷோனிப் பெண்கள் ஈரநிலத்தில் பெருஞ்சீரகச் செடி போன்ற ஒன்றின் வேரைத் தோண்டி, பட்டினியால் வாடிய குழந்தைகளுக்கு ஊட்டியதைக் குறித்து வைத்திருக்கிறார். அது யாம்பா என்றே கருதப்படுகிறது. அடுத்த ஆண்டு மே மாதத்தில், மலைத்தொடரைத் திரும்பக் கடப்பதற்கு முன், அவர்களோடு சென்ற ஷோஷோனிப் பெண் சக்காஜவியா அந்தக் கிழங்கைத் தோண்டிச் சேமித்தார். அந்தப் பயணத்தின் துப்பாக்கிகளையும் படகுகளையும் பற்றிப் படித்தவர்களுக்கு இந்தக் கிழங்குப் பை நினைவிருப்பதில்லை. சின்னம்மாவின் ஓலைப்பெட்டியும் எந்த வரலாற்றிலும் வரப்போவதில்லை என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. ஒரு தடைக்காலத்தில் ஒரு வீடு எதை உண்டு பிழைத்தது என்பது போரின் வரலாற்றுக்கு உள்ளே இருக்க வேண்டிய செய்தி.

ஞாயிறு, நெடுங்கேணி

பேரனின் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியை காலையில் வீட்டுக்கு வந்தார். கிழங்குகளின் படங்களை அச்சிட்டு வகுப்பில் ஒட்டலாம் என்பது அவருடைய எண்ணம். கார்த்திகைக் கிழங்கின் உடைந்த கையைக் கண்ட பிறகு, படத்தை நம்பிப் பிள்ளைகளைக் காட்டுக்குள் விட எனக்குத் துணிவில்லை. இதைச் சொன்னதும் அவர் அமர்ந்து முழுவதையும் கேட்டார்.

எங்கள் முடிவு இது. தோண்டுவதைக் கற்பிப்பதற்கு முன் கொடியைக் கற்பிக்க வேண்டும். அதற்கான மாதம் கார்த்திகை. அப்போது வள்ளி இலை விட்டிருக்கும், கார்த்திகைப்பூ பூத்திருக்கும், இரண்டும் ஒரே வேலியில் அருகருகே நிற்கும். ஒன்று சுற்றுவதையும் மற்றது பிடிப்பதையும் பிள்ளைகள் தொலைவில் நின்று கண்ணால் பார்க்கலாம். மழை விட்ட நாளாகப் பார்த்து ஐயா அழைத்துப் போவார். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வள்ளிக் கொடியைத் தன்னுடையதாக எடுத்து, மரத்தைக் கீறாமல், பெயர் எழுதிய தகரத் துண்டு ஒன்றைக் கட்டும். பங்குனியில் ஒரு தடவை, கொடி காயும்போது, மீண்டும் போய்ப் பார்க்கும். தோண்டுவது அடுத்த ஆடியில். அதுவும் ஐயா ஒவ்வொரு கிழங்கையும் கையில் வாங்கிப் பார்த்த பிறகு. தலையைத் திரும்பப் புதைக்காத பிள்ளைக்குக் கிழங்கு இல்லை என்பது ஐயா போட்ட நிபந்தனை.

தகரத் துண்டுகளை வெட்டித் துளைபோடும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். பின்வளவில் கிடந்த பழைய எண்ணெய்த் தகரங்கள் அதற்குப் போதும் என்று சின்னம்மா சொல்கிறார். நாளை காலை பேரனோடு உட்கார்ந்து வெட்டப்போகிறேன்.